பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?

நூறு டன் பவர் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று பார்த்தவனிடம் தாளத்தைப் பற்றிப் பேசாதீர்கள். டம், டம், டம் என்று தகடு வெட்டும் அந்தச் சத்தம் காதோடு நிற்காது. பல்லுக்குள் போகும், சாப்பிடுகிற சோற்றுக்குள் போகும், படுத்தால் தலையணைக்குள்ளிருந்து வரும். எண்பதுகளின் கடைசியில் ஓசூர் தொழிற்பேட்டையில் எனக்கு அதுதான் வேலை. வேலை முடிந்து மூக்கண்டப்பள்ளிக்கு சைக்கிளை மிதித்தால் டீக்கடை ரேடியோவில் தபேலா, கல்யாண ஊர்வலத்தில் பேண்டு, எங்கள் லைன் வீட்டுக்கு வந்தால் துணி துவைக்கிற கல்லில் யாராவது டம், டம். உலகமே ஒன்றுகூடி என்னைத் தட்டிக்கொண்டிருந்தது.

தாளமே இல்லாத இசை என்று ஒன்று இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆரம்பம் தெரியாமல், முடிவு தெரியாமல், ஏரித் தண்ணீர் போல அசையாமல் கிடக்கிற இசை. பெங்களூரில் பழைய கேசட் விற்பவரிடம் எப்போதோ அப்படி ஒன்றைக் கேட்டிருக்கிறேன். கேசட் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி அவர் அதை எனக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். கிதாரும் சிந்தசைசரும் சேர்ந்து ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றுகொண்டிருந்தன. கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. கிறுக்குத்தனம்தான், ஆனால் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவனுக்குக் கொஞ்சம் கிறுக்கு இல்லாமல் எப்படி?

என்னிடம் ஒரு கிதார் இருந்தது. தனி மரம் தோப்பாகாது என்று இன்னும் இரண்டு கிறுக்கர்களைத் தேடினேன்.

முதல் ஆள் என் அறையிலேயே இருந்தான். டூல் ரூமில் ஃபிட்டர், திருநெல்வேலிக்காரன். தேக்குப் பலகை ஒன்றை வாங்கி, ஃபேக்டரியில் அளவெடுக்கிற கருவிகளை வைத்தே கோடு போட்டு, ஒரு பேஸ் கிதாரைத் தானே செய்திருந்தான். அந்தக் கிதாரில் எதுவும் ஒரு முடியளவுகூடப் பிசகாது. அவன் வாசிப்பது மட்டும்தான் பிசகும். ஆனால் நாங்கள் செய்யப் போகும் இசையில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு அடுத்த சுரத்துக்கு டீ குடித்துவிட்டு வரலாம் என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

இரண்டாவது ஆள் ஓசூர் கடைவீதியில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த பாய். அவர் கடையில் ஒரு சிந்தசைசர் இருந்தது. பெங்களூர் ஆர்கெஸ்ட்ரா ஒன்று ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, அதற்குள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக் கலைந்துவிட்டது. வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. பாய் அதைத் திறந்து மூடித் திறந்து மூடி, கடைசியில் அதன்மேல் அவருக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. வாசிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் மூவரில் கொள்கை என்று ஒன்று வைத்திருந்தவர் அவர்தான்.

"நம்ம வேல சுவிட்ச் போடறதோட சரிங்க தம்பி. அப்புறம் அதுவா வாசிக்கணும். மனுசன் குறுக்க பூந்தான்னா கெட்டுச்சு," என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பகல்களில் எங்கள் அறையில் வாசித்தோம். எதிரொலி வேண்டும் என்று பாய் இரண்டு கேசட் ரெக்கார்டர்களைப் பிடித்து வந்தார். ஒன்றில் பதிவாகிற டேப் வெளியே நீண்டு, கதவு ஆணியைச் சுற்றி, ஜன்னல் வழியாக வெளியே போய், முற்றத்து அடிபம்பின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து மற்றதில் நுழையும். நான் கிதாரில் ஒரு சுரத்தை மீட்டினால் அது வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு நிதானமாகத் திரும்பி வந்து ஒலிக்கும். யாராவது தண்ணீர் அடிக்க வந்தால் டேப் இழுபடும். எங்கள் இசை பெருமூச்சு விடும். லைன் வீட்டுப் பெண்கள் தங்களுக்கே தெரியாமல் எங்களோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஒரு நாள் வீட்டுக்கார அம்மா அந்த டேப்பில் தன் பாவாடையைக் காயப்போட்டார். அன்றைய கச்சேரி அதோடு முடிந்தது.

வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். கோபம் வந்தால் எந்த மொழியில் ஆரம்பித்தோம் என்பது அவருக்கே மறந்துவிடும். "ஏன்ப்பா, வாரா வாரா டெஸ்டிங்குதானா? ஹாடு எப்போப்பா ஆரம்பிக்கும்?" என்றார். ஹாடு என்றால் பாட்டு.

"இதாங்க பாட்டு," என்றேன்.

அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு, ரசம் கொஞ்சம் கொடுத்தனுப்பினார்.

அவர் மட்டுமில்லை. எங்கள் இசையைக் கேட்ட ஒவ்வொருவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். சுருதி சேர்த்தது போதும், பாட்டை ஆரம்பியுங்கள் என்றார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிற எதிர்வீட்டுக்காரர், நல்லாத் தூக்கம் வருது, பாட்டு ஆரம்பிச்சா மட்டும் எழுப்பு என்றார். பின்தெருவில் யாரோ டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிறது என்று புகார் கொடுக்க, லைன்மேன் ஏணியோடு வந்து கம்பத்தில் ஏறிக் காது வைத்துக் கேட்டு, இது நல்லாத்தானே இருக்குது என்று தலையைச் சொறிந்தார். உள்ளே நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம். எங்களைப் பாராட்டிய முதல் வாக்கியம் அதுதான். அதுவும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண் சூளகிரி. எங்கள் தொழிற்பேட்டையிலேயே ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் வேலை. அப்பா கொத்தமல்லி மண்டியில் ஏலம் விடுகிறவர். கட்டுக் கட்டாகக் கொத்தமல்லியைக் குவித்துவைத்து, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று அவர் கூவினால் ஹைவேயில் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். தண்ணீர் கேட்டால்கூட ஏலம் போடுவது மாதிரி இருக்கும்.

வழக்கமாகப் பெண்ணைத்தானே பாடச் சொல்வார்கள்? அங்கே தலைகீழ். பஜ்ஜியை நான் வாயில் வைத்த நேரம் பார்த்து அவர் கேட்டார். "மாப்ள கிதார் வாசிப்பீங்களாமே? ஒண்ணு வாசிங்க, கேப்போம்."

"தனியா வாசிக்க வராதுங்க. இன்னும் ரெண்டு பேர் வேணும். கரண்ட்டும் வேணும்."

"அப்ப ஆர்கெஸ்ட்ராவா?" அவர் முகம் மாறிவிட்டது. ஆர்கெஸ்ட்ராக்காரன் ஊர் ஊராகச் சுற்றுவான், குடிப்பான், மேடையில் பாடுகிற பெண்ணோடு ஓடிப்போவான் என்று அவருக்குக் கணக்கு.

"இல்லீங்க. நாங்க எங்கியும் போறதில்ல. எங்ககிட்டப் பாடறதுக்கு ஆளும் இல்ல. ஒரே சுரத்தப் பிடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருப்போம்."

இதைச் சொன்னதும் அவர் சந்தேகம் தீர்ந்ததா வளர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான், அதுவரை தலை குனிந்திருந்த பெண் நிமிர்ந்து கேட்டாள்.

"ஒரே சுரம்னா, அதுல எதுவுமே மாறாதுங்களா?"

"மாறும். மெதுவா மாறும். கவனிச்சாத்தான் தெரியும்."

"அப்ப கவனிக்கணும்," என்றாள்.

அவ்வளவுதான் பேசினாள். எனக்கு அங்கேயே எல்லாம் முடிவாகிவிட்டது. இத்தனை நாளில் பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்காத ஒரே ஜீவன் இவள்தான். இவளைக் கட்டிக்கொள்ளவில்லை என்றால் நான் பிரஸ்ஸுக்கு நடுவில் தலையைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

அவள் அப்பா வாக்குக் கொடுக்கவில்லை. "சரக்கப் பாக்காம நான் வெல சொல்றதில்லீங்க," என்றார். எங்கள் ஃபேக்டரியில் ஆயுத பூஜைக்குக் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். அன்றைக்குக் கலை நிகழ்ச்சி உண்டு. அந்த வருடம் அது நாங்கள்தான் என்று நோட்டீஸ் போர்டில் சாக்பீஸால் எழுதியாகிவிட்டது. இன்னிசைக் கச்சேரி என்று எழுதியிருந்தார்கள். மகளோடு வந்து கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக அவர் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கொத்தமல்லியை மூச்சு விடாமல் ஏலம் விடுகிற மனிதர் எங்கள் இசையை எப்படித் தாங்குவார்?

"ரெண்டு சினிமாப் பாட்ட வாசிச்சிட்டுப் போவோம்ல. பொண்ணு முக்கியமா, கொள்கை முக்கியமா?" என்றான் பேஸ்காரன்.

பெண்தான் முக்கியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சினிமாப் பாட்டு இரண்டை எடுத்துக்கொண்டு பயிற்சி செய்தோம். பாய் சிந்தசைசரில் தாளப் பொத்தானை அமுக்கினார். டம் டக்க டம் என்று ஆரம்பித்தது. மூன்று பேரும் துக்க வீட்டில் இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தோம். ஜன்னலில் வீட்டுக்கார அம்மா முகம் தெரிந்தது. பூரித்துப்போயிருந்தார். "ஆரம்பிச்சிடுச்சு!" என்று உள்ளே திரும்பிக் கத்தினார். அன்றைக்குப் பாயசமே வந்தது. அதை அப்படியே எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் பிரஸ் ஷாப்பில், சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு மேடை. எல்லாவற்றையும் மாட்டினோம். கிதாரை ஸ்பீக்கர் மேல் சாய்த்து வைத்தேன். பேஸ், ஸ்டாண்டில். சத்தம் எவ்வளவு வரும் என்று பார்க்க எல்லாத் திருகுகளையும் முழுக்கத் திருப்பிவைத்தோம். தந்தியைத் தொடுவதற்குள் கரண்ட் போனது. சரி, வருகிறபோது வரட்டும் என்று, வேட்டி மாற்றிக்கொண்டு வர மூவரும் லாக்கர் ரூமுக்குப் போனோம். போயிருக்கக் கூடாது.

ஆயுத பூஜை என்றால் ஃபேக்டரிக்காரர்கள் ஒன்றையும் விடமாட்டார்கள். பிரஸ்ஸிலிருந்து சுத்தியல், ஸ்பேனர், சரக்கு தள்ளுகிற ட்ராலி, கேன்டீன் அண்டா, டைம் ஆபீஸ் மணி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ. பூஜைக்குத் தலைவர் எங்கள் சீனியர் ஆபரேட்டர், நாட்றாம்பாளையத்துக்காரர். கருவி என்று எது கண்ணில் பட்டாலும் பொட்டு வைக்காமல் நகரமாட்டார். ஒருமுறை ஆடிட்டரின் கால்குலேட்டருக்கே வைத்திருக்கிறார்.

நாங்கள் வேட்டியோடு திரும்பி வந்தபோது தீபாராதனை முடிந்துவிட்டிருந்தது. என் கிதாருக்கு மூன்று பட்டை சந்தனம். பேஸ்காரனின் கிதாருக்கு ஆளுயரச் சாமந்தி மாலை. சிந்தசைசர் நீளமாக, தட்டையாக, பலகை மாதிரி இருந்ததால் அதையே படையல் மேடையாக்கியிருந்தார்கள். வாசிக்கிற கட்டைகளின் மேல் வரிசையாக வாழைப்பழச் சீப்புகள். ஒரு ஓரத்தில், இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே இறுக்கிச் செருகி, குங்குமம் தடவிய ஒரு எலுமிச்சம்பழம்.

நான் பதறிப்போய்க் கை நீட்டினேன். சீனியர் ஆபரேட்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பூஜையில வெச்சதத் தொடக்கூடாது. நாளைக்கி மறுபூஜ போட்டுத்தான் எடுக்கணும்."

"அண்ணா, இன்னிக்கி எங்க கச்சேரிங்கண்ணா!"

"அதுக்கென்ன பண்றது? ஸ்பேனரக்கூடத் தொடல பாரு. ஆயுதத்துக்கு இன்னிக்கி ஓய்வு."

எங்கள் ஊர்ப் பக்கமும் அதே வழக்கம்தான். பாடப் புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டுப் படிக்காமல் தப்பித்த அதே வழக்கம் என் கழுத்தைப் பிடித்தது. மேனேஜரிடம் ஓடினேன். அவர், வருஷத்துக்கு ஒரு நாள், தொழிலாளிகளோட நம்பிக்கை, நான் தலையிடமுடியாதுப்பா என்று சுண்டலைக் கையில் கொடுத்தார். சுண்டலோடு திரும்பினால், வாசலில் கொத்தமல்லி மண்டிக்காரர். பக்கத்தில் பச்சைப் புடவையில் அவள். இரண்டு பேரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கரண்ட் வந்தது.

முதலில் சாமி படத்தைச் சுற்றி சீரியல் பல்புகள் எரிந்தன. அப்புறம் சிந்தசைசர், மேலே உட்கார்ந்திருந்த வாழைப்பழங்களின் கனத்தில், அமுங்கிய கட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் பேசியது. ஷெட்டின் தகரக் கூரை ஒருமுறை நடுங்கியது. ஸ்பீக்கர் மேல் சாய்ந்திருந்த என் கிதார் அந்த அதிர்வில் தானாக முனகத் தொடங்கி, தன் முனகலைத் தானே கேட்டுக் கேட்டு நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டது. பெரிய ஃபேன் சுற்றியது. சாமந்தி மாலை ஆடி ஆடி பேஸின் தந்திகளை உரசியது. பாயின் ரெக்கார்டர்கள் எல்லாவற்றையும் வாங்கித் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தன. எங்களில் ஒருவன்கூட மேடையில் இல்லை.

"அதுவா வாசிக்குது," என்று பாய் என் காதில் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர்.

நிறுத்தவும் வழியில்லை. கருவியைத் தொடக்கூடாது. மெயினை அணைக்கலாம் என்றால் சாமி விளக்கும் அதே லைனில்தான். பூஜை நேரத்தில் விளக்கணைக்கிறதா என்று சீனியர் ஆபரேட்டர் எங்களை முறைத்தார். ஆகவே இன்னிசைக் கச்சேரி நடந்தது. குடும்பங்கள் எல்லாம் பொரியைக் கொறித்துக்கொண்டு, பாட்டு ஆரம்பிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

நான் மண்டிக்காரர் பக்கத்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தேன்.

"எப்ப மாப்ள ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சாச்சுங்க."

"நீங்க வாசிக்கலியே?"

"இன்னிக்கித் தொடக்கூடாதுங்களாம்."

அவர் மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாழைப்பழத்தைப் பார்த்தார். ஏலத்தில் அழுகல் கட்டு வந்தால் பார்க்கிற பார்வை அது. எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணை மூடியதால்தான் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், அது எங்கள் மூவரின் இசையைவிட நன்றாக இருந்தது. இத்தனை நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் விரல் தேய வாசித்தும் நாங்கள் தொடமுடியாத அமைதியை நாலு சீப்புப் பூவன்பழம் தொட்டுவிட்டது. பெருமையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. எந்த பிரஸ்ஸின் சத்தத்திலிருந்து தப்பிக்க இதை ஆரம்பித்தேனோ, அந்த பிரஸ்கள் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

சீனியர் ஆபரேட்டர் பிரசாதம் கொடுக்க ஆரம்பித்தார். கருவியைத்தான் தொடக்கூடாது, பிரசாதத்தைத் தொடலாம். கட்டையில் விரல் படாமல், பூப்பறிப்பது போல ஒவ்வொரு பழமாகப் பிய்த்து வருகிறவர்களுக்குக் கொடுத்தார். பழம் குறையக் குறையச் சீப்பின் கனம் குறைந்தது. ஏதோ ஒரு கட்டை மெல்ல மேலே எழும்பும். ஒரு சுரம் விலகிக்கொள்ளும். மேனேஜர் மனைவி ஒரு பழம் வாங்கினார், அடிக்குரல் ஒன்று அடங்கியது. கேன்டீன்காரர் இரண்டு வாங்கினார், நடுவில் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. அந்தக் கூட்டமே வரிசையில் நின்று எங்கள் இசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. அதிர்வு குறைந்ததும் என் கிதார் முனகுவதை விட்டது, சாமந்தி மாலையும் தந்தியில் சிக்கி ஆடாமல் நின்றது.

கடைசிப் பழத்தைச் சீனியர் ஆபரேட்டர் முன்வரிசைக்கே கொண்டுவந்து, வெளியூர் விருந்தாளி என்று மண்டிக்காரர் கையில் கொடுத்தார். அவர் அதை உரித்து, இரண்டே கடியில் விழுங்கி, தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சரி, முடிஞ்சிருச்சு. வாம்மா, சூளகிரி பஸ்ஸு போயிரும்."

அவள் எழவில்லை. மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்கப்பா. இன்னும் எலுமிச்சம்பழம் இருக்குது."

அப்போதுதான் எனக்கே கேட்டது. எல்லாம் ஓய்ந்த பிறகும் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒற்றைச் சுரம் ஒன்று மெல்லியதாக, நேராக, நின்றுகொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்தார். மண்டியையே கத்தி அடக்குகிற மனிதர், மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு தரம்," என்றார், அவர் தொண்டைக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில்.

எலுமிச்சம்பழம் வாசித்துக்கொண்டே இருந்தது. அவள் அசையவில்லை.

"ரெண்டு தரம்."

கரண்ட் போனது. சீரியல் பல்புகள் அணைந்தன, ஃபேன் நின்றது, அந்த ஒற்றைச் சுரமும் நின்றது. பொரி மெல்லுகிற சத்தம்கூட இல்லாத அந்த அமைதியில் அவள் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மூணு தரம்," என்றார் அவர்.